மணலுக்கு விரித்த வலை

தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கல் சுமந்த வேலை முடிந்ததும் கொஞ்ச நாள் உப்பளத்தில் உப்பு வாரினேன். உப்புத் தண்ணீர் பாதத்தைத் தின்றுவிட்டது. புண் ஆறட்டும் என்று தெற்கே நடக்க ஆரம்பித்தவன், பெரியதாழைக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் நின்றேன். என்னை நிறுத்தியது ஊர் அல்ல, ஒரு மண்வெட்டி. மேற்குக் கடைசி வீட்டின் சுவரில் அது சாய்ந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் உள்ளேயிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"ஏலே, மணல் அள்ளத் தெரியுமா?"

தெரியும் என்றேன். நான் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் பிறந்தவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு அறுந்தது. ஆடு மேய்க்கவும் மண் வெட்டவும் மட்டும் ஒழுங்காகத் தெரியும்.

"அப்ப அள்ளு. மத்தியானம் சோறு உண்டு."

அன்றிலிருந்து அவளை அக்கா என்று கூப்பிட்டேன். நாற்பது வயது இருக்கும். மீன் கூடையைத் தலையில் வைத்து உள்நாட்டு ஊர்களுக்கு நடந்து விற்றுவருவாள். புருஷன் தோணியில் போனவர், திரும்பவில்லை. "கடல் கொண்டுபோகல, கொழும்பு கொண்டுபோயிட்டு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். மிச்சம் இருந்தது அந்த வீடு ஒன்றுதான். அதையும் மணல் கேட்டுக்கொண்டிருந்தது.

ஊருக்கு மேற்கே தேரி. செக்கச்செவேல் என்ற மணல்மேடுகள். ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று அடிக்கும்போது மேடுகள் எழுந்து நடந்து வரும். போன ஆடியில் அக்கா வீட்டுப் பின்பக்கம் ஜன்னல் கட்டை வரைக்கும் வந்து நின்றன. அதில் நான் தினமும் அள்ளுவேன், தினமும் கொஞ்சம் வரும். அடுத்த ஆடியில் ஓடு வரைக்கும் ஏறிவிட்டால் கூரை தாங்காது. தூத்துக்குடியில் இருந்த அவள் தம்பி, வீட்டைப் போட்டுவிட்டு வந்துவிடு என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் மாதா கோயில் வாசலில் நிற்கும்போது அக்கா சொன்னாள்:

"நான் தம்பி வீட்டுக்குப் போயிருவேன். எனக்கு ஒரு மூலை கிடைக்கும். ஆனா மணல் எங்கூட வண்டியேறி வராது பாத்துக்கிடுங்க. என் வீடு போச்சுன்னா அடுத்து யார் வீட்டுக் கதவைத் தட்டும்னு மேற்கேருந்து எண்ணிக்கிடுங்க."

எல்லாரும் மனதுக்குள் எண்ணினார்கள். அடுத்த வீடு கரையில் மீன் ஏலம் கூறும் அண்ணாச்சி வீடு. அதற்கடுத்தது சம்மாட்டி வீடு. மீன் பிடிக்க இரண்டு வள்ளமும் ஊரிலேயே அதிக ஆடும் வைத்திருந்தவர் அவர். இரண்டு பேருக்கும் அன்றைக்கே ஊர்மேல் பெரிய அக்கறை வந்துவிட்டது.

மணலைத் தடுக்க மரம் நடுவது என்று முடிவானது. கன்று கொடுக்க ஒரு வாத்தியார் கிடைத்தார். சாத்தான்குளத்துக்காரர், வேதக்காரர் வீட்டுப் பிள்ளை. புராட்டஸ்டண்டுகளை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். லீவு நாட்களில் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் மரம் நடச் சொல்வது அவருக்கு ஒரு பைத்தியம். கார்த்திகையில் மாட்டுவண்டி நிறைய சவுக்குக் கன்றும் பூவரசுக் கன்றும் கொண்டுவந்து இறக்கினார். வேலை தொடங்குமுன் ஒரு ஜெபம் என்றார். அது முடிவதாக இல்லை. எங்கள் பங்குச் சாமியார் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் தடவை "ஆமென்" என்று சத்தமாகச் சொன்னார். ஊரும் சேர்ந்து சொல்லிவிட்டது. வாத்தியார் கண்ணைத் திறந்தபோது பாதிப்பேர் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் கடலுக்குப் போகமாட்டார்கள். ஆறு நாள் கடலில் செலவாகும் பலம் அத்தனையும் அன்றைக்குத் தரையில் இறங்கியது. வள்ளக் கயிற்றை இழுத்துப் பிடித்து வரிசை போட்டார்கள். கன்றுக்கூடைகளை வள்ளம் தள்ளுகிற பாட்டுப் பாடிக்கொண்டே தூக்கினார்கள். ஒரு முழக் கன்றுக்கு ஆறு பேர் "ஏலேலோ ஐலசா" போட்டார்கள். என்னைத் தவிர ஒருவருக்கும் குழி எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. ஒருவர் நெஞ்சளவு தோண்டிவிட்டு, உள்ளே நின்றுகொண்டு கன்று எங்கே என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் தேரிக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவே நான்கு வரிசை எழுந்துவிட்டது. அவ்வளவு சிரிப்பை நான் எந்த வேலையிலும் கண்டதில்லை. கூலி வாங்கிக்கொண்டு செய்த வேலைகளில் நிச்சயமாக இல்லை.

மறுநாள் காலை முதல் வரிசையைக் காணவில்லை. ஆடு.

சம்மாட்டியின் ஆடுகள்தான் முதலில் வந்திருந்தன. மற்ற வீட்டு ஆடுகள் மரியாதையாகப் பின்னால் வந்து இரண்டாம் வரிசையில் பாதியை முடித்திருந்தன. வேலி வேண்டும் என்று பேச்சு வந்தது. முள் வெட்டத் தேரிக்குப் போகவேண்டும், அதற்கு ஒருவருக்கும் மனசில்லை. அப்போதுதான் சம்மாட்டி நைலான் வலைக்கு மாறியிருந்தார். பழைய நூல்வலை குவியல் குவியலாகக் கிடந்தது. ஆட்டுப் பழியைத் தீர்க்க அதை ஊருக்கென்று கொடுத்தார். நட்டதில் தப்பிய கன்றுகளைச் சுற்றிக் கம்பு நட்டு, நாலு பக்கமும் வலையைக் கட்டினார்கள். தேரியைப் பார்த்த மேற்குப் பக்கம்தான் நீளம்.

கட்டிய விதத்தைப் போய்ப் பார்த்தேன். தொளதொளவென்று தொய்வாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மேலே மிதப்புக் கட்டை, கீழே ஈயக்குண்டு.

"நல்லா இழுத்துக் கட்டுங்க. தொய்வா இருந்தா ஆடு மாட்டிக்கிடும்" என்றேன்.

ஏல அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏலே கரிசக்காட்டான், வலையப் பத்தி நீ எங்களுக்குச் சொல்லுதியா? இழுத்துக் கட்டினா மீன் எப்படிடே படும்?"

"மீன் இல்ல அண்ணாச்சி, ஆடு."

"எதுவானாலும் வலைன்னா வயிறு இருக்கணும்."

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பிறந்ததிலிருந்து வலையைத் தொய்வாக விரித்த கை. விறைப்பாகக் கட்டச் சொன்னால் கை கேட்காது. நான் ஒரு பக்கம் இழுத்துக் கட்டிவிட்டு வருவேன். பின்னாலேயே ஒருவர் வந்து, முகத்தைச் சுளித்து, தளர்த்திவிட்டுப் போவார்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு மணி அடிக்கும்போது வலையில் பதினொரு ஆடு.

கொம்பு மாட்டியது ஒன்று, காலும் காதும் மாட்டியது ஒன்று, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வாயருகே கிடைத்த பூவரசு இலையை நிதானமாக மென்றது ஒன்று. நடுவில் சம்மாட்டியின் கிடா. கழுத்தைச் சுற்றி மிதப்புக் கட்டைகள் மாலை போட்டதுபோல் விழுந்திருந்தன. ஊர் முழுக்கத் திரண்டு நின்று வயிறு வலிக்கச் சிரித்தது. சம்மாட்டி வந்து கிடாவின் கொம்பில் கை வைத்தார். ஏல அண்ணாச்சி குறுக்கே நின்றார்.

"கைய எடுங்க சம்மாட்டி."

"என் கிடாடே."

"கிடா உங்களது. வலை ஊருக்குக் குடுத்தது. வலையில பட்டது ஏலம் கூறாம கரையைத் தாண்டுமா? நம்ம ஊர்ல என்னைக்காவது தாண்டியிருக்கா?"

"அது மீனுக்கு."

"வலை என்னைக்குவே மீனு, ஆடுன்னு பாத்துச்சு?"

சம்மாட்டி சாமியாரைப் பார்த்தார். சாமியார் யோசித்தார். வலையில் பட்டதில் கோயிலுக்கு ஒரு பங்கு உண்டு என்பது அந்த ஊர் வழக்கம். "ஏலம்னா கோயில் பங்கு உண்டுல்லா?" என்று மட்டும் கேட்டார். தீர்ப்பு ஆகிவிட்டது.

ஆனால் சொந்த ஆட்டுக்கு யார் துட்டுக் கொடுப்பார்கள், கொடுத்தாலும் யார் வாங்குவது என்று ஒரு குழப்பம். அக்காதான் அவிழ்த்தாள். "துட்டு எதுக்கு? மழை ரெண்டு நாள் பெஞ்சிட்டு ஓடிட்டு. கன்னு காயுது. குடத்துல கேளுங்க."

அப்படித்தான் குடத்தில் ஏலம் ஆரம்பித்தது. யார் அதிகக் குடம் கேட்கிறார்களோ அவர்களுக்கு ஆடு. கேட்டவர் பனந்தோப்பு ஊற்றிலிருந்து அத்தனை குடம் தண்ணீரைத் தானே சுமந்துவந்து கன்றுக்கு ஊற்றவேண்டும். ஆள் வைக்கக் கூடாது. பத்துக்கு ஒரு குடம் கோயில் முன்னால் இருந்த பூவரசுக்கு.

முதல் பத்து ஆடும் சல்லிசாகப் போயின. மூன்று குடம், ஐந்து குடம். உடையவர் கேட்டார், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கடைசியில் கிடா. நான்தான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி குரலை ஏற்றினார்.

"கொம்பைப் பாருங்க, தாடியைப் பாருங்க, நடந்தா நம்ம சம்மாட்டி நடக்க மாதிரியே இருக்கும். கேளுங்க."

"பத்துக் குடம்" என்றார் சம்மாட்டி, வீட்டுப் பக்கம் ஒரு கால் எடுத்து வைத்தபடியே.

"இருவது" என்றாள் அக்கா.

கால் நின்றது. "ஏளா, என் கிடா உனக்கெதுக்கு?"

"கறிவைக்க."

"இருவத்தஞ்சு."

"நாப்பது."

நான் கணக்குப் போட்டேன். ஏலம் அவள்மேல் விழுந்தால் நாற்பது குடமும் அவள்தான் சுமக்கவேண்டும். தினமும் மீன் கூடையோடு பத்து மைல் நடக்கிற காலால். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அறுவது" என்றார் சம்மாட்டி.

"அறுவது ஒருதரம்" என்றார் அண்ணாச்சி. அக்கா வாயைத் திறந்தாள். அவ்வளவுதான். சம்மாட்டி துள்ளி, "நூறு" என்று விட்டார். தன் கேள்விக்குத் தானே மேலே கேட்டுவிட்டார் என்று அவருக்கு விளங்குமுன்னே அண்ணாச்சி ஒரே மூச்சில் ஒருதரம் ரெண்டுதரம் மூணுதரம் சொல்லி முடித்தார். பெண்கள் மணலில் உட்கார்ந்து சிரித்தார்கள். வீட்டுக்குப் போகும்போது அக்காவிடம், அறுபதுக்கு மேலேயுமா கேட்கப் போனீர்கள் என்றேன்.

"கொட்டாவி வந்துதுடே" என்றாள்.

வெள்ளை வேட்டியை மடித்துக்கட்டி, கம்பின் இரண்டு பக்கமும் குடம் தொங்க, சம்மாட்டி தண்ணீர் சுமந்த காட்சியை ஊரே வாசலில் நின்று பார்த்தது. முதல் நாள் பாதித் தண்ணீர் வழியிலேயே போயிற்று. "சம்மாட்டி வழிக்கும் மரம் வைக்கப் போறாரு போல" என்றாள் ஒருத்தி. "கடல்ல நீந்துதவன்டி நான், குடத்துத் தண்ணிக்குப் பயப்படுவேனா" என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்த குடத்தையும் சிந்தினார். மூன்றாம் நாள் தளும்பாமல் வந்தார். ஐந்தாம் நாள் எந்தக் கன்று எவ்வளவு குடிக்கும் என்று எனக்கே பாடம் எடுத்தார்.

அதற்குப் பிறகு ஞாயிறு என்றால் ஏலம்தான். பக்கத்து ஊரிலிருந்து கூட வேடிக்கை பார்க்க வந்தார்கள். இப்படியே மாசி வரைக்கும் போனது. பிறகு எல்லாருக்கும் புத்தி வந்துவிட்டது. ஆட்டைக் கட்டிப்போட்டார்கள். வலை காலியாக ஆடியது. ஆடு இல்லை, ஏலம் இல்லை. ஏலம் இல்லை என்றால் தண்ணீரும் இல்லை. சும்மா வந்து ஊற்றுங்கள் என்றால் ஒருவரும் வரவில்லை. கெட்ட மனசு ஒன்றும் இல்லை, தோற்றுச் சுமப்பதில் இருந்த ருசி சும்மா சுமப்பதில் இல்லை. அக்காவும் நானும் இரண்டு பேராகச் சுமந்தோம். சித்திரை வெயிலில் கன்றுகள் இலை சுருட்ட ஆரம்பித்தன. அந்த வாரம் தம்பி வந்தான். வைகாசிக் கடைசியில் வண்டி கொண்டுவருவேன், சாமானைக் கட்டிவை என்று முடிவாகச் சொல்லிவிட்டுப் போனான். அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் அவள் பங்கையும் சாப்பிட்டேன். சோற்றை வீணாக்கும் வழக்கம் எனக்கு இல்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் யோசனை வந்தது. கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆட்டைப் பற்றித் தெரியும். தேரி ஓரத்தில் உடைமரம் காய்த்திருந்தது. உடங்காய் வாசனை பட்டால் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வரும். சனிக்கிழமை ஒரு கூடை காய் உலுக்கிவந்தேன். ஞாயிறு விடியும்போது ஆட்டைக் கொஞ்ச நேரம் காலாற அவிழ்த்துவிடுவார்கள். அதற்கு முன்னால் அக்காவும் நானும் வலை நெடுகக் காயைச் செருகினோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பாவமாடே இது?"

"சாமியாரைக் கேளுங்க."

"அவருக்குப் பங்கு உண்டே, பாவம்னு சொல்லமாட்டாரு."

முதல் ஞாயிறு ஏழு ஆடு. அடுத்த ஞாயிறு ஒன்பது. ஏல அண்ணாச்சிக்கு இளமை திரும்பியது. கன்றுகள் இலையை விரித்தன. மூன்றாம் ஞாயிறு சம்மாட்டியின் கிடா மறுபடி மாட்டியது. அவர் அதை விடுவிக்கக் குனிந்தபோது, வலைக் கண்ணில் செருகியிருந்த காயைப் பார்த்தார். ஒன்றை எடுத்தார். அடுத்ததை எடுத்தார். நிமிர்ந்தார்.

"வலையில எவம்லே இரை வச்சது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த ஊரில் உடங்காயைப் பற்றி யோசிக்கக் கூடிய ஆள் நான் ஒருவன்தான்.

"இரை வச்சா அது தூண்டில்டே. வலைன்னா தானா வந்து படணும். அதான் நேர்மை" என்றார். தண்ணீர் சுமந்தது அவருக்குக் கோபம் இல்லை, ஏமாந்து சுமந்ததுதான் கோபம். ஏலம் நின்றது. என் வலையை நான் எடுத்துக்கொள்கிறேன், கை ஒழிந்த நாளாகப் பார்த்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அக்கா பெட்டியைத் துடைத்துச் சாமான் அடுக்க ஆரம்பித்தாள். காயை ஏன் வைக்கச் சொன்னாய் என்று அவள் என்னைக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சம்மாட்டிக்கு மூன்று வாரம் நேரம் கிடைக்கவில்லை. அந்த மூன்று வாரத்தில் மேல்காற்று ஆரம்பித்துவிட்டது. அந்த வருடம் முன்கூட்டியே வந்தது. கண்ணைத் திறக்க முடியாது. வாய்க்குள் எப்போதும் மணல். காற்று கொஞ்சம் அடங்கிய ஒரு ஞாயிறு, தம்பி வண்டியோடு வந்து வாசலில் நிற்க, பின்பக்கம் சம்மாட்டி நான்கு ஆளோடு வலையை எடுக்க வந்தார். ஒரே நாளில் இரண்டு பேரும். ஊரும் வேடிக்கைக்குக் கூடிவிட்டது.

மேற்குப் பக்கத்துக் கம்புகளை அசைத்துவிட்டு வலையின் மேல்கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். வரவில்லை. இன்னும் நான்கு பேர் கை கொடுத்தார்கள். பாட்டுப் பாடி இழுத்தார்கள். வலை முறுகியது, அசையவில்லை. சம்மாட்டி நிறுத்தச் சொன்னார். கயிற்றில் கை வைத்து, தலையைச் சாய்த்து, கடலுக்குள் வலை எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்ப்பவர்போல் நின்றார்.

"பார்ல மாட்டின மாதிரி இருக்கே" என்றார். கடலுக்கடியில் கிடக்கும் பாறையைத்தான் அங்கே பார் என்பார்கள்.

அப்புறம்தான் எல்லாரும் பார்த்தோம். தொய்வாகத் தொங்கிய வலையின் வயிற்றில் மூன்று வாரமாகக் காற்று கொண்டுவந்த சருகும் பனையோலையும் முள்ளும் அடைந்திருந்தன. அதில் மணல் முட்டி முட்டி நின்று, நெடுக இடுப்புயரத்துக்கு ஒரு மேடு கட்டியிருந்தது. ஈயக்குண்டு எங்கேயோ அடியில். மேட்டுக்கு இந்தப் பக்கம் கன்றுகள் முழங்காலுக்கு மேலே நின்றன. அக்கா வீட்டுப் பின்சுவருக்கு அந்த மூன்று வாரத்தில் ஒரு பிடி மணல்கூடப் புதிதாக வரவில்லை. கன்றுக்குத் தண்ணீர் சுமந்த அலுப்பில் நான் மண்வெட்டியைத் தொடவே இல்லை, அதனால் அதைக் கவனிக்கவும் இல்லை. இழுத்துக் கட்டியிருந்தால் சருகு தங்கியிருக்காது, மணல் வலைக் கண் வழியாகச் சல்லடையில் போவதுபோல் போயிருக்கும்.

"அறுத்து எடுத்திருவமா?" என்று ஒருவர் கேட்டார்.

சம்மாட்டி அவரை முறைத்தார். "பார்ல மாட்டின வலையை எவம்டே அறுப்பான்? விட்டுட்டு வரதுதான் முறை." மேட்டின் மேல் ஏறி நின்றார். தேரியைப் பார்த்தார். "இது இன்னும் பத்து நாள்ல மூடிரும். மேல இன்னொரு வலை கட்டணும். என் வீட்டுப் பரண்ல ஒண்ணு கிடக்கு."

"இழுத்துக் கட்டணுமா, தொய்வாவா?" என்றேன்.

"நீ பேசாதே" என்றார். ஆனால் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் ஊர் சிரித்தது. அதற்கப்புறம் அன்றைக்கு ஒன்றும் நேராக நடக்கவில்லை. ஆளாளுக்குப் பழைய வலை கொண்டுவர ஓடினார்கள். தம்பியின் வண்டியில் ஏற்றியிருந்த அக்காவின் பெட்டியை யாரும் கேட்காமலே இறக்கிவிட்டு, அதில் வலைகளை ஏற்றித் தேரி ஓரம் கொண்டுபோனார்கள். தம்பி மாட்டின் பின்னாலேயே "என் வண்டி, என் வண்டி" என்று ஓடினான். சாயங்காலம் அவனும் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆனி முழுக்க, ஆடி முழுக்க, வலைக்கு மேல் வலை கட்டினோம். ஏழு வலை என்று நினைவு. மேடு ஆள் உயரம் ஆகி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. கன்றில் பாதிக்குமேல் போய்விட்டது. மிச்சம் நின்றது. அக்கா வீட்டு ஓடு ஒன்றுகூட நகரவில்லை.

ஆவணி பிறந்து ஒரு வாரம். நான் வழக்கம்போல மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அள்ள ஒன்றும் இல்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன். அக்கா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மணல் வரலேன்னா உனக்கு இங்கன என்னடே வேலை?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லைதான். வள்ளத்தில் ஏறினால் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும், அதை ஏற்கெனவே ஒருமுறை ஊருக்கே காட்டியிருந்தேன்.

"ஒண்ணும் இல்லக்கா" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செய்த வேலையாலேயே வேலை போனது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். அவளுக்கும் வந்துவிட்டது. கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.

சாப்பிட்டுவிட்டுப் போனேன்.